சுவரைப் பார்த்துத் தொங்கிய டோக்கன்

எங்கள் வீட்டுக் கூடத்தில், அப்பாவின் படத்துக்குக் கீழே அடித்த ஆணியில், பித்தளை டோக்கன் ஒன்று தொங்குகிறது. வட்டமானது. கையில் வைத்தால் உள்ளங்கைப் பள்ளத்தை மூடும். மேலே ஒரு துளை, துளையில் எண்ணெய் ஏறிக் கறுத்துப்போன கயிறு. ஒரு பக்கத்தில் அப்பாவின் மில் எண் பொறித்திருக்கும், மறுபக்கம் வெறும் பித்தளை. மில் மூடி, அப்பாவும் போன பிறகு, அது வீட்டுக்கு வருகிறவர்களுக்கு எண்ணைக் காட்டிக்கொண்டு பல காலம் தொங்கியது. பிறகு ஒரு நாள் மதியம் அண்ணன் அதைக் கழற்றித் திருப்பி மாட்டினார். அன்றிலிருந்து எண் சுவரைப் பார்த்தது, வெறும் பக்கம் எங்களைப் பார்த்தது. ஒட்டடை அடிக்கும்போதுகூட நான் அதைத் தொடாமல் சுற்றியே துடைத்தேன்.

இதை இப்போது எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் என் துறைத் தலைவர். லாஸ்பேட்டையில் ஒரு கல்லூரியில் கணினிப் பாடம் நடத்துகிறேன். இந்தக் காலத்துப் பிள்ளைகள் படிப்பு முடிக்கும் வருடத்தில், இணையதளங்களின் ஓட்டைகளைத் தேடிக் கண்டுபிடிக்கும் கருவிகளை எழுதுகிறார்கள். ஓட்டையைக் கண்டுபிடிக்கும் கருவியால் ஓட்டை வழியாக உள்ளே நுழையவும் முடியும். அவற்றை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளும்படி இணையத்தில் போடலாமா, கூடாதா என்று துறையில் ஒரே சண்டை. போட்டால்தான் உலகம் திருந்தும் என்கிறது ஒரு கட்சி, போட்டால் போக்கிரிகள் கையில் கத்தியைக் கொடுத்தது மாதிரி என்கிறது இன்னொரு கட்சி. இரண்டு கட்சியும் சேர்ந்து டீ குடிக்கும், பிறகு மறுபடி சண்டை போடும். இதில் கருத்து எழுதித் தரச்சொல்லித் தலைவர் என்னைக் கேட்டார். “உங்க குடும்பத்துலயே இதுல அனுபவம் இருக்குன்னு சொன்னாங்க மேடம்” என்றார். அவர் நல்ல மனிதர், குத்திக்காட்டச் சொல்லவில்லை. ஆனால் அந்த ‘அனுபவம்’ என்ற வார்த்தையை விழுங்க எனக்கு ஒரு மடக்குத் தண்ணீர் தேவைப்பட்டது.

அனுபவம் என்னுடையது இல்லை, அண்ணனுடையது. அதைச் சொல்வதற்கு முன்னால் எங்கள் தெருவைப் பற்றிச் சொல்ல வேண்டும். முதலியார்பேட்டையில் நாங்கள் இருக்கும் தெருவில் ஒரு காலத்தில் வீட்டுக்கு ஒருவராவது மில்லுக்குப் போனவர்கள். மில்லுக்குள் யாருக்கும் பெயர் கிடையாது, எண்தான். மதியச் சாப்பாட்டை எடுத்துக்கொண்டு போய் வாசல் காவலாளியிடம் கொடுக்கும்போது நாங்கள் அப்பாவின் பெயரைச் சொன்னதில்லை, எண்ணைச் சொல்லுவோம், தூக்குவாளி உள்ளே போகும். எனக்கு என் பிறந்த தேதி தெரிவதற்கு முன்பே அந்த எண் தெரியும். தெருவில் வீடுகளுக்கும் அதுவே பெயராகிவிட்டது. இன்னார் வீட்டுப் பெண் என்று சொல்வதற்குப் பதில் இன்ன நம்பர் வீட்டுப் பெண் என்பார்கள். மில் மூடப்பட்டபோது எண்களை மட்டும் யாரும் திருப்பிக் கொடுக்கவில்லை. வங்கி அட்டை வந்தது, அதற்கு நான்கு இலக்கம் கேட்டார்கள். தெருவில் எல்லோரும் யோசிக்காமல் போட்டது அந்த எண்ணைத்தான். கைபேசி வந்தது, அதற்கும் அதே எண். சிலர் புது வண்டி வாங்கும்போது அந்த எண் வர வேண்டும் என்று வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் காத்துக்கிடந்தார்கள். அப்பன் உழைத்த எண் பிள்ளையைக் காப்பாற்றும் என்று ஒரு நம்பிக்கை. தெரு முழுக்கத் தெரிந்த ஒன்றைத் தெரு முழுக்க ரகசியமாக வைத்திருந்தோம். எங்களுக்கு அதில் வேடிக்கையாக எதுவும் தோன்றவில்லை.

அப்பாவின் எண்ணை நான் இங்கே எழுதப்போவதில்லை. பழகிவிட்டது.

அண்ணன் எங்களில் மூத்தவர். அடுத்து அக்கா, கடைசி நான். அண்ணன் கணினி படித்து, சென்னையில் ஒரு நிறுவனத்தில், மற்றவர்கள் கட்டிய இணையதளங்களில் எங்கே உடையும் என்று தட்டிப்பார்க்கும் வேலையில் இருந்தார். பஞ்சுத் தூசி நெஞ்சில் தங்கி அப்பா படுக்கையில் விழுந்ததும் வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வந்தார். திரும்பிப் போகவில்லை. தெருமுனையில் ஒரு சொல்தா வீடு இருந்தது. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வுபெற்றவர் வீட்டை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்லுவோம். பிள்ளைகள் எல்லாம் பிரான்சுக்குப் போய்விட, அந்த வீட்டின் முன்னறையை வாடகைக்கு எடுத்து அண்ணன் ஒரு கணினிக் கடை வைத்தார். விண்ணப்பம் போடுவது, சான்றிதழ் எடுப்பது, வயதானவர்களுக்கு ஓய்வூதியத் தகவல் பார்த்துச் சொல்வது எல்லாம் அங்கேதான் நடக்கும். கல்யாணம் தள்ளித் தள்ளிப் போய் அப்படியே நின்றுபோனது. நானும் செய்துகொள்ளவில்லை, அது வேறு கதை. அவரும் நானும் அந்த வீட்டில் சண்டை போட்டுக்கொண்டு சௌக்கியமாகத்தான் இருந்தோம்.

அவருக்கு ஒரு பிடிவாதம் உண்டு. எதையும் மூடிவைக்கக் கூடாது. வீட்டில் குழம்புச் சட்டியைக்கூட மூடிவைக்க விடமாட்டார், மூடினால் என்ன கெட்டுப்போகிறது என்று தெரியாமல் போகும் என்பார். ஈ மொய்க்குமே என்று நான் கத்துவேன். மொய்த்தால் தெரியுமில்லையா, அதுதான் முக்கியம் என்று சிரிப்பார். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் முதலில் கோபம்தான் வருகிறது, அழுகை அப்புறம்தான்.

ஒரு கோடையில், செவிலியர் படிப்புக்கு விண்ணப்பிக்கிற பிள்ளைகள் கடையில் கூடினார்கள். அந்தச் சேர்க்கைக்கான இணையதளத்தை ஏதோ ஒரு தனியார் நிறுவனம் கட்டியிருந்தது. விண்ணப்ப எண்ணும் நான்கு இலக்க ரகசிய எண்ணும் கொடுத்தால் உள்ளே போகலாம். விண்ணப்ப எண், தரப்பட்டியலில் எல்லோர் பார்வைக்கும் அச்சாகும். மீதி இருப்பது நான்கு இலக்கம். ஒரு பெண் தன் எண்ணை மறந்துவிட்டு ஒவ்வொன்றாகப் போட்டுப்பார்த்துக்கொண்டிருந்தாள். எத்தனை தடவை தப்பாகப் போட்டாலும் அந்தத் தளம் அவளைத் தடுக்கவில்லை. அண்ணன் அதைக் கவனித்தார். மதியம் கடையைச் சாத்திவிட்டுச் சாப்பிட வரும் நேரத்தில் அவர் வரவில்லை, நான் தூக்குவாளியோடு போனேன். திரையைக் காட்டினார். தன் சொந்த விண்ணப்பம் ஒன்றைப் பொய்யாகப் போட்டு, எண்களை வரிசையாக முயன்று பார்க்கும் சின்ன நிரல் ஒன்றை எழுதியிருந்தார். நான் சோறு போட்டு முடிப்பதற்குள் அது திறந்துகொண்டது. இந்தப் பிள்ளைகள் எல்லாம் கதவில்லாத வீட்டில் படுத்திருக்கிறார்கள் என்றார்.

அன்றிலிருந்து கடைக்கு வந்த ஒவ்வொரு பிள்ளையையும் உட்காரவைத்து எண்ணை மாற்றச்செய்தார். “அப்பா நம்பர், தாத்தா நம்பர் எதுவும் வேணாம்டா. உனக்கே ஞாபகம் இல்லாத ஒண்ணப் போட்டு எழுதி வெச்சிக்க” என்று சொல்லிச்சொல்லித் தொண்டை கட்டிக்கொண்டது. தளத்தைக் கட்டிய நிறுவனத்துக்கு மின்னஞ்சல் அனுப்பினார். பதில் இல்லை. மறுபடி அனுப்பினார். தொலைபேசியில் பிடித்தபோது அந்தப் பக்கத்தில் இருந்தவர், நீ யார் எங்கள் தளத்துக்குள் நுழைய, போலீசில் சொல்லவா என்று கேட்டார். நான் பக்கத்தில்தான் இருந்தேன். அண்ணன் குரலை உயர்த்தவில்லை. “பூட்டு ஒடைஞ்சிருக்குன்னு சொல்றவன திருடன்ங்கிறீங்க. ஒடைஞ்ச பூட்ட வித்தவர சாருன்றாங்க. நல்லா இருங்க சார்” என்று சொல்லி வைத்துவிட்டார்.

சில நாட்கள் காத்துப்பார்த்தார். எதுவும் மாறவில்லை. பிறகு அந்த நிரலை எல்லோருக்கும் பொதுவாக இணையத்தில் வெளியிட்டார். கூடவே தமிழில் ஒரு விளக்கம்: ஓட்டை எங்கே இருக்கிறது, யார் யாரிடம் சொல்லியாகிவிட்டது, விண்ணப்பித்த பிள்ளைகள் உடனே என்ன செய்ய வேண்டும். போட்டுவிட்டுத்தான் என்னிடம் காட்டினார். படித்துவிட்டு நன்றாக இருக்கிறது என்றேன். நன்றாகத்தான் இருந்தது. கோபம் இருந்தது, ஆனால் வசை இல்லை. யாருக்கும் புரியும்படி எழுதியிருந்தார்.

நிரலுக்கு ஒரு முன்மாதிரி எண் வேண்டும், எங்கிருந்து முயலத் தொடங்குவது என்று காட்ட. எந்த எண்ணைப் போட்டாலும் அது தெருவில் யாராவது ஒருவருடைய எண்ணாக இருந்துவிடுமோ என்று அவருக்குப் பயம். வேறொரு வீட்டின் எண்ணை ஊருக்குக் காட்டிக்கொடுக்க மனம் வரவில்லை. அதனால் அப்பாவின் எண்ணைப் போட்டார். அப்பா இல்லை, அவருடைய வங்கிக் கணக்கும் மூடியாகிவிட்டது, அண்ணனும் நானும் அந்த எண்ணை எப்போதோ எல்லாவற்றிலிருந்தும் எடுத்துவிட்டோம். யாரையும் கடிக்காத எண் என்று நினைத்தார். அந்த நிரலை யார் எடுத்து இயக்கினாலும், அது முதலில் முயன்று பார்த்தது அப்பாவின் எண்ணை.

அக்கா இரண்டு தெரு தள்ளி இருந்தாள். அவளுக்கு ஒரே மகள். அந்தப் பெண் பிறந்ததிலிருந்து தாத்தா மடியிலேயே வளர்ந்தவள். அப்பா படுக்கையில் கிடந்த கடைசிக் காலத்தில், பள்ளிக்கூடம் விட்டதும் நேரே எங்கள் வீட்டுக்கு வருவாள். நாங்கள் மூவரும் அருவருத்துத் தயங்கி நின்ற வேலைகளை அவள் செய்வாள். சளி வாங்கும் கிண்ணத்தைக் கழுவுவாள், முதுகில் புண் வராமல் புரட்டிப்போடுவாள், ஆவி பிடிக்கவைப்பாள். வீட்டுக்கு வந்த நர்சம்மா ஒருமுறை அவள் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, இது எங்க கை என்றாராம். அதிலிருந்து அவளுக்குச் செவிலியர் படிப்பைத் தவிர வேறெதுவும் காதில் ஏறவில்லை. தாய்மாமன் என்றால் அவளுக்கு உயிர். அவள் வயதுக்கு வந்தபோது தெரு அடைக்கச் சீர்த்தட்டு கொண்டுபோய் இறக்கியவர் அண்ணன். மாமா மாமா என்று அவள் கூப்பிடுவது எங்கள் வீட்டில் கடிகார ஓசை மாதிரி கேட்டுக்கொண்டே இருக்கும்.

அவளும் அந்த வருடம் விண்ணப்பித்தாள். ஆனால் மாமாவின் கடையில் இல்லை. பள்ளிக்கூடத்திலேயே, தோழியின் கைபேசியில், விண்ணப்பம் தொடங்கிய முதல் நாளே போட்டுவிட்டாள். சொந்தமாகச் செய்துவிட்டேன் என்று பெருமையாக வந்து சொன்னாள், அண்ணனும் தட்டிக்கொடுத்தார். அப்போது ஓட்டை இருப்பது அவருக்கே தெரியாது. தெரிந்த பிறகு ஊர்ப்பிள்ளைகளை எல்லாம் கூப்பிட்டு மாற்றச்சொன்னவர், தன் மருமகள் கெட்டிக்காரி, அவள் அப்படி எதையும் வைத்திருக்கமாட்டாள் என்று நினைத்திருக்க வேண்டும். அவளிடம் கேட்கவே இல்லை. தாத்தாவின் எண்ணைத் தவிர வேறெந்த எண்ணை அவள் போட்டிருப்பாள் என்று இப்போது தோன்றுகிறது. அப்போது வீட்டில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

அவளுக்கு இடம் கிடைத்தது, அவள் ஆசைப்பட்ட கல்லூரியிலேயே. அக்கா எங்கள் வீட்டுக்கு வந்து அப்பா படத்துக்கு முன் விளக்கேற்றிக் கும்பிட்டாள். வெள்ளை உடைக்குத் துணி எடுத்தாயிற்று. கல்லூரியில் போய்ச் சேர வேண்டியதற்கு முந்தைய நாள், சேர்க்கைக் கடிதத்தை இறக்கிக்கொள்ள அவள் தன் பக்கத்தைத் திறந்தாள். ‘விண்ணப்பதாரர் விலகிக்கொண்டார்’ என்று இருந்தது.

அக்காவும் அவளும் கடைக்கு ஓடி வந்தபோது நான் அங்கே இருந்தேன். தளம் தவறாகக் காட்டுகிறது, மாமா சரிசெய்துவிடுவார் என்ற நம்பிக்கையில் அவள் அழக்கூட இல்லை. அண்ணன் பார்த்தார். இடம் ஒதுக்கிய பிறகு விண்ணப்பதாரரின் பக்கத்தில் புதிதாக ஒரு பொத்தான் வந்திருந்தது: விலகுகிறேன். அவர் தட்டிப்பார்த்த நாட்களில் அந்தப் பொத்தான் கிடையாது. உள்ளே நுழைந்தால் அடுத்தவர் விவரத்தைப் பார்க்கலாம், அவ்வளவுதான் என்று கணக்குப் போட்டிருந்தார். யாரோ நுழைந்து அந்தப் பொத்தானை அழுத்தியிருந்தார்கள். அண்ணன் அவள் பக்கம் திரும்பாமல், திரையைப் பார்த்தபடியே, என்ன நம்பர் போட்டிருந்தாய் என்று கேட்டார்.

“தாத்தா நம்பர்தான் மாமா.”

அவர் கை விசைப்பலகையிலிருந்து இறங்கி மடியில் விழுந்தது. வெளியே கடலூர் சாலையில் பேருந்து ஒன்று ஒலியடித்துக்கொண்டு போனது எனக்கு நினைவிருக்கிறது. அக்கா, இப்ப என்னா பண்றதுன்னு சொல்லுண்ணே, சொல்லுண்ணே என்று தோளைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தாள். அண்ணன் தான் வெளியிட்ட பக்கத்தைத் திறந்து, அந்த முன்மாதிரி எண்ணை அவளுக்குக் காட்டினார். மறைத்திருக்கலாம். அவர்கள் இருவருக்கும் நிரல் எழுதியது யார் என்றே அப்போது தெரியாது. ஆனால் எதையும் மூடிவைக்கத் தெரியாத மனிதர். அவள் திரையைப் பார்த்தாள், மாமாவைப் பார்த்தாள். பிறகு தன் பையை எடுத்துக்கொண்டு வெளியே போய் வெயிலில் நின்றுகொண்டாள்.

அண்ணன் அந்தப் பக்கத்தை அன்றே எடுத்துவிட்டார். எடுத்து என்ன பயன்? பிள்ளைகளின் வாட்ஸாப் குழுக்களில் அது எப்போதோ பரவியிருந்தது. தானே காவல் நிலையத்துக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னார். எழுதி வாங்கிக்கொண்டு, எச்சரித்து அனுப்பினார்கள். உள்ளே நுழைந்தது யார் என்று கடைசிவரை தெரியவில்லை. வேறு சில பிள்ளைகளின் பக்கங்களையும் யாரோ திறந்து பார்த்திருந்தார்கள், எதையும் தொடவில்லை. வேலை செய்கிறதா பார்ப்போம் என்று அழுத்திப்பார்த்த யாரோ ஒருவர்தான் என்று காவலர்கள் சொன்னார்கள். அவளோடு பகை உள்ளவர் யாரும் கிடையாது. வேண்டுமென்று செய்திருந்தால்கூட நாங்கள் திட்டித் தீர்த்து ஆறியிருப்போம். பொழுதுபோக்குக்கு அழுத்தியவரை என்னவென்று திட்டுவது என்று எனக்குத் தெரியவில்லை.

இதில் இன்னொன்றையும் சொல்லாமல் விட்டால் அண்ணனுக்குத் துரோகம் செய்தவளாவேன். இத்தனை மின்னஞ்சலுக்கு அசையாத அந்த நிறுவனம், நிரல் ஊரெல்லாம் பரவி விஷயம் பெரிதானதும் மறுநாளே ஓட்டையை அடைத்தது. தவறாக முயன்றால் பூட்டிக்கொள்ளும்படி செய்தது, கைபேசிக்குச் செய்தி வரும்படி செய்தது. அதற்குப் பிறகு அந்த வழியாக எந்தப் பிள்ளையும் இடத்தை இழக்கவில்லை. அவர்களில் யாருக்கும் அண்ணனைத் தெரியாது. எங்கள் வீட்டுப் பெண் மட்டும் வெளியே நின்றாள்.

இடத்தைத் திரும்பக் கேட்டு அக்காவும் அண்ணனும் ஏறாத அலுவலகம் இல்லை. காத்திருப்போர் பட்டியலில் அடுத்து இருந்த பெண்ணுக்கு இடம் போய்விட்டது, அவள் சேர்ந்தும்விட்டாள் என்றார்கள். அண்ணன் அந்தக் கல்லூரி வாசலுக்குப் போனார். அந்தப் பெண்ணைப் பார்த்து நடந்ததைச் சொல்லிக் கேட்டுப்பார்க்கலாம் என்று எண்ணம். போனவர் மாலையில் திரும்பி வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தார். கனகசெட்டிக்குளத்துப் பெண்ணாம், மீன்பிடிக் குடும்பம். அவள் அப்பா ஒரு தகரப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு விடுதிக்குள் போக வழி தெரியாமல் வாசலில் நின்றிருந்தாராம். அண்ணன்தான் விசாரித்து வழி காட்டியிருக்கிறார், பெட்டியின் ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டு உள்ளேவரை போயிருக்கிறார். “அந்தப் பொண்ணுகிட்ட போயி என்னான்னு கேக்கறது” என்றார். அடுத்த நாள் மதியம் டோக்கனைத் திருப்பி மாட்டினார்.

எங்கள் வீட்டுப் பெண் அடுத்த வருடம் விண்ணப்பிக்கவில்லை. அண்ணன் அக்காவின் காலில் விழாத குறையாகக் கெஞ்சினார். அக்கா மன்னித்துவிட்டாள், பெண் இறங்கிவரவில்லை. வணிகவியல் படித்தாள், முடித்தாள், ஒரு தனியார் மருத்துவமனையில் கட்டணம் வாங்கும் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் வேலைக்குப் போனாள். அவளைத் தாண்டி நாளெல்லாம் செவிலியர்கள் நடந்துபோவார்கள். மாமாவோடு அவள் சண்டை போடவில்லை. விசேஷங்களுக்கு வருவாள், சாப்பிட்டீங்களா என்று கேட்பாள், கேட்டதற்குப் பதில் சொல்லுவாள். ஆனால் மாமா என்ற ஒரு வார்த்தையை மட்டும் விட்டுவிட்டாள். எந்த உறவுமுறையும் இல்லாமல் பேச்சைத் தொடங்கி முடிக்க எவ்வளவு சாமர்த்தியம் வேண்டும் என்று அவளைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். ஒவ்வொரு தடவையும் அண்ணன் அவள் வாயையே பார்த்துக்கொண்டு நிற்பார். ஊரிலேயே வாயாடியான மனிதர் அவர். பிள்ளையைத் திட்டவும் முடியாது, அவரைத் தேற்றவும் முடியாது.

கடையை அவர் மூடவில்லை. சான்றிதழ், விண்ணப்பம் என்று ஓட்டினார். ஓட்டை தேடும் வேலையை மட்டும் அடியோடு நிறுத்திவிட்டார். வெளியூரிலிருந்து சில இளைஞர்கள் அவரைத் தேடி வருவார்கள். நீங்கள் செய்தது சரிதான், அதைத் தடைசெய்யச் சொல்லுகிறவர்கள் கோழைகள் என்று பேசுவார்கள். டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுவார். இன்னொரு பக்கம், இவரைப் போன்றவர்களை உள்ளே தள்ள வேண்டும் என்று ஒரு கூட்டத்தில் யாரோ பேசியதை நான் கொதித்துப்போய்ச் சொன்னபோதும், சரியாகத்தானே சொல்லியிருக்கிறார் என்றார். அப்போதுதான் ஒரே ஒருமுறை கேட்டேன், மறுபடி அப்படி ஓர் ஓட்டை கண்ணில் பட்டால் என்ன செய்வீர்கள் என்று. அதற்கு அவர் சொன்னார்: “போடாம இருந்தா அவங்க அடைச்சிருக்க மாட்டாங்க. போட்டதால நம்ம பாப்பா நின்னுட்டா. ரெண்டும் நெசந்தான் பாப்பா. நீ படிச்சவ, ஒண்ண எடுத்து எனக்குக் குடு, நான் வெச்சிக்கறேன்.” என்னையும் அவளையும் ஒரே பெயரால்தான் கூப்பிடுவார்.

இப்போது தலைவர் கேட்பதும் அதே ஒன்றைத்தான். கருவிகளை வெளியிடத் தடை வேண்டும் என்று எழுத உட்கார்ந்தால், அந்தத் தொலைபேசிக் குரல் காதில் விழுகிறது. சொல்லுகிறவன் வாயைக் கட்டிவிட்டால் உடைந்த பூட்டை விற்கிறவர்களுக்குக் கொண்டாட்டம். தடையே வேண்டாம் என்று எழுதப்போனால் வெயிலில் போய் நின்ற பெண் தெரிகிறாள். முதலில் பாதிக்கப்படக்கூடியவர்களிடம் சொல், சரிசெய்ய நேரம் கொடு, பிறகு வெளியிடு என்று நடுவழி ஒன்று சொல்கிறார்கள். அதைத்தானே அவர் செய்தார்? தெருவில் ஒரு பிள்ளை விடாமல் சொன்னார். சொல்லாமல் விட்டது சொந்த வீட்டில். கடைசியில் நான் எழுதியது, தடை வேண்டாம், ஆனால் உடனே இயக்கும்படியான முழு நிரலை ஓட்டை அடைபடும்வரை வெளியே விடக் கூடாது, ஓட்டை இருக்கிறது என்று சொல்வதை யாரும் தடுக்கவும் கூடாது என்று. சரியாகத்தான் எழுதியிருக்கிறேன் என்று நினைக்கிறேன். எழுதியதைப் படித்தபோது மனம் நிறையவில்லை.

போன வருடம் மழைக்காலத்தில் அண்ணனுக்கு நெஞ்சுவலி வந்தது. அக்கா மகள் வேலை பார்க்கும் மருத்துவமனைதான் பக்கத்தில், அங்கேதான் கொண்டுபோனோம். சில நாட்கள் கிடந்தார். அவள் வேலை முடிந்ததும் கண்ணாடித் தடுப்பைவிட்டு எழுந்து மேலே வருவாள். தலையணையைச் சரிசெய்வாள், காலை நீவிவிடுவாள், தாத்தாவைப் புரட்டிப்போட்ட மாதிரியே தோளுக்கடியில் கையைக் கொடுத்து ஒரு பக்கமாகப் படுக்கவைப்பாள். இதையெல்லாம் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று அங்கிருந்த செவிலியர் ஒருத்தி ஆரம்பித்தவள், அவள் கை வேலை செய்யும் விதத்தைப் பார்த்துவிட்டு, நீங்க எங்க படிச்சீங்க என்று கேட்டாள். அவள் படிக்கவில்லை என்றாள். அண்ணன் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். அப்போதும் அவள் அவரை எந்த முறை வைத்தும் கூப்பிடவில்லை. அவரும் கேட்கவில்லை. ஒரு விடிகாலையில் போய்விட்டார்.

வீட்டுக்குக் கொண்டுவந்து கிடத்திய பிறகு, யார் யாருக்குச் சொல்வது என்ற பேச்சு வந்தது. சென்னையில் அவரோடு வேலை பார்த்தவர்கள், தேடி வந்த இளைஞர்கள் எல்லோருடைய எண்களும் அவர் கைபேசிக்குள் இருந்தன. கைபேசி பூட்டியிருந்தது. அவர் ஒருபோதும் வைத்திருக்கமாட்டார் என்று தெரிந்தும் என் விரல் அப்பாவின் எண்ணைத்தான் அழுத்தியது. திறக்கவில்லை. அக்கா அவர் பிறந்த வருடத்தைப் போடச்சொன்னாள், கடை திறந்த நாளைப் போடச்சொன்னாள். அது எதுவும் இல்லை. வாழ்நாள் முழுக்கத் திறந்து கிடந்த மனிதர், இப்படி ஒன்றைப் பூட்டிவைத்துவிட்டுப் போய்விட்டாரே என்று எனக்கு அழுகை முட்டியது.

தலைமாட்டில் உட்கார்ந்திருந்த அக்கா மகள் எழுந்து வந்து என் கையிலிருந்து கைபேசியை வாங்கினாள். யோசித்த மாதிரி தெரியவில்லை. ஒரே தடவை அழுத்தினாள், திறந்துகொண்டது. திறந்த கைபேசியை என்னிடம் நீட்டிவிட்டு, நான் கேட்பதற்கு முன்பே சொன்னாள்.

“என் அப்ளிகேசன் நம்பரு சித்தி. வேற எத வெச்சிருப்பாரு மாமா.”

சொன்ன பிறகுதான் அவளுக்கே அது காதில் விழுந்தது. கூடத்தில் அத்தனை கூட்டம். அவள் அப்படியே உட்கார்ந்து அவர் காலைப் பிடித்துக்கொண்டு மாமா மாமா என்று கூப்பிட ஆரம்பித்தாள். இத்தனை வருடம் கூப்பிடாததை எல்லாம் சேர்த்து ஒரே மதியத்தில் கூப்பிட்டாள். அக்கா தடுக்கப்போனாள், நான்தான் விடச்சொன்னேன். கேட்க வேண்டிய மனிதர் கேட்கும் இடத்தில் இல்லை. ஆனாலும் அவள் கூப்பிட்டு முடிக்கட்டும் என்று இருந்தது.

பதினாறாம் நாள் காரியத்துக்கு அப்பா படத்துக்குப் பக்கத்தில் அண்ணனின் படத்தையும் மாட்ட வேண்டியிருந்தது. அவள்தான் ஸ்டூலில் ஏறினாள். ஆணி அடிக்க இடைஞ்சலாக இருந்த டோக்கனைக் கழற்றி என்னிடம் கொடுத்தாள். படம் மாட்டியானதும் கையை நீட்டினாள். நான் கொடுத்தேன். முந்தானையால் ஒருமுறை துடைத்து, எண் இருக்கும் பக்கம் எங்களைப் பார்க்கும்படி மாட்டிவிட்டு இறங்கினாள். இப்போது வீட்டுக்கு வருகிற யாரும் அதைப் படிக்கலாம். அந்த எண் இன்று எந்தக் கதவையும் திறக்காது.